ஒன்பதும் ஹாண்ட்பாக்கும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆங்கில மெய்யொலிகள். கடையிலும், புகைவண்டியிலும், வீட்டு முற்றத்திலும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தம் மெய்யெழுத்துக்களை எவ்வாறெல்லாம் விழுங்கியும் மாற்றியும் கூட்டியும் பேசுகின்றனர் என்பதையே சொல்லப்போகின்றேன். இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதனையே முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

1993 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலிப் பெட்டிக்கு மின்கலம் கிடைப்பதும் அருமை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட நாட்கள் அவை. ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்பர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அக்காலத்தில் நான் ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாகச் சென்ற இளைஞன். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாசிப்புப் பாடத்தின்போது, பெண்கள் கையில் எடுத்துச் செல்லும் பையைக் குறிக்கும் 'ஹாண்ட்பாக்' என்னும் சொல் வந்தது. அவன் அதனைத் தயக்கமின்றி 'ஹம்பாக்' என்று வாசித்தான்.

"தம்பி, அதிலே ஒரு 'என்' இருக்கின்றது; ஒரு 'டி' இருக்கின்றது. இரண்டையும் எங்கே விட்டுவிட்டு வந்தீர்?" என்று கேட்டேன்.

"லண்டன் வானொலியில் அப்படித்தான் சொல்லுகிறார்கள், சேர்," என்றான் அவன்.

வகுப்பு சிரித்தது. நான் தடுக்கவில்லை. அச்சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பத்துமுறை சொல்லும்படி அவனைப் பணித்தேன். அவனும் நின்றவாறே சொன்னான். அன்றைக்குப்பின் அவன் என் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கவேயில்லை. முறை வரும்போது தொண்டை சரியில்லை என்பான். அல்லது தலைகுனிந்து நிற்பான்.

சில ஆண்டுகள் கழித்து, ஜோன் வெல்ஸ் என்னும் ஒலியியற் பேராசிரியர் 1990 இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி ஒன்று ஒரு பயிற்சி வகுப்பில் என் கைக்கு வந்தது. இயல்பாகவே அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். எழுத்தின்படி வரும் ஒலிப்பைக் காட்டி, அதனருகே ஒரு சிறு அம்புக்குறி இட்டு, விரைந்த பேச்சில் அது 'ஹம்பாக்' ஆகும் என்று அவர் குறித்திருந்தார். அம்மாணவன் கேட்டது சரி. அவன் சொன்னதும் சரி. பிழைபட்டவன் நான்.

நேயர்களே, இதில் என்னை மிக வருத்தியது வேறொன்று. இந்த விதியை நான் அறியாதவன் அல்லேன். தமிழ் படித்த எவரும் இதனை அறிவர். 'பெரும்' என்னும் சொல்லோடு 'கடல்' சேர்ந்தாற் பெருங்கடல். 'சோறு' சேர்ந்தாற் பெருஞ்சோறு. 'தெரு' சேர்ந்தாற் பெருந்தெரு. வரும் வல்லெழுத்து எந்த இடத்திற் பிறக்கின்றதோ, முன்னிற்கும் மெல்லெழுத்து அந்த இடத்திற்கு நகர்ந்துவிடும். எழுதும்போது 'ஒன்பது' என்று எழுதும் நாம் பேசும்போது 'ஒம்பது' என்கின்றோம். பகர ஒலிக்காக உதடுகள் மூடப்போகின்றன. அதனை முன்னரே அறிந்த வாய், னகரத்துக்காக நாவை உயர்த்தும் உழைப்பை மிச்சம்பிடித்து, மகரமாகவே ஒலித்துவிடுகின்றது. ஹாண்ட்பாக் ஹம்பாக் ஆவதும் இதுவே. நடுவில் நெருக்குண்ட டகரம் விழுந்துபோகின்றது. எஞ்சிய னகரம் உதட்டை நோக்கி மகரமாகின்றது. 'ரென் பவுண்ட்ஸ்' என்பதை ஆங்கிலேயன் 'ரெம் பவுண்ட்ஸ்' என்பான்; 'ரென் கப்ஸ்' என்பதை 'ரெங் கப்ஸ்' என்பான். நம் இலக்கணிகள் இவ்வகை மாற்றங்களுக்குப் புணர்ச்சி விதி வகுத்து, அவற்றை எழுத்திலும் ஏற்றினர். ஆங்கிலேயர் அவற்றைப் பேச்சில் மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தைப் பழையபடியே விட்டுவிட்டனர். வேற்றுமை அவ்வளவுதான்.

எழுத்து வாயிலிருந்து விழுவதுபோல, இல்லாத எழுத்து வாயிற் பிறப்பதும் உண்டு. 'சம்திங்' என்பதை நிதானமின்றிச் சொல்லும் ஆங்கிலேயர் பலரது பேச்சில், மகரத்தின்பின் ஒரு பகரம் மெல்லக் கேட்கும். மகரம் ஒலிக்கும்போது உதடு மூடியிருக்கின்றது. மூச்சு மூக்கால் வருகின்றது. அடுத்த ஒலிக்காக மூக்குவழி அடைபட்டு, உதடு திறப்பதற்கு இமைப்பொழுது தாமதித்தால், அங்கே பகரம் தானே தோன்றிவிடும். இதனைச் சோம்பற் பேச்சு என்று இகழ்பவர் 'எம்ப்டி' என்னும் சொல்லை நினைத்தல் வேண்டும். வெறுமையைக் குறிக்கும் அச்சொல்லிற் பழைய ஆங்கிலத்திற் பகரம் இல்லை. இடியைக் குறிக்கும் 'தண்டர்' என்பதில் டகரமும் இல்லை. இரண்டும் இவ்வாறு இடையிற் புகுந்தவையே. இன்று அவற்றை விட்டு எழுதினால் நாமே சிவப்பு மையாற் கோடிடுவோம்.

செவ்வாய்க்கிழமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ரகரம் போலவோ றகரம் போலவோ நாம் எழுதும் அந்த 'ரி' ஒலியோடு யகரம் சேர்ந்து அது தொடங்குகின்றது. இங்கிலாந்திற் பெரும்பாலோர் இன்று அதனைச் சகரமாகவே தொடங்குவர். 'சூஸ்டே' என்று நம் காதிற் படும். 'டியூற்றி' என்பது 'ஜூற்றி' ஆகின்றது. 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆகின்றது. இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் ஆங்கிலேயர் இன்றும் உளர். ஆனால் அவர்களே 'நேச்சர்' என்றும் 'பிக்சர்' என்றும் கூசாது சொல்வர். அச்சொற்களிலும் எழுத்தில் நிற்பது அந்த 'ரி' தான். சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்துவிட்ட மாற்றமாதலின் எவரும் குறைசொல்வதில்லை. நம் பேச்சிலோ, 'ஐந்து' அஞ்சு ஆயிற்று. 'வைத்து' வச்சு ஆயிற்று. 'படித்து' படிச்சு ஆயிற்று. இகரமோ ஐகாரமோ முன்னின்றால் தகரம் சகரமாகக் குழைகின்றது. ஆங்கிலத்தில் யகரம் பின்னின்று குழைக்கின்றது. நம்மிடத்தில் முன்னின்று குழைக்கின்றது. நாவின் வேலை ஒன்றே.

மேலே 'ரி' என்று நான் சொன்னபோது, தமிழகத்து நேயர் எவரேனும் கேட்டுக்கொண்டிருப்பின் அவர் சற்றுத் திகைத்திருக்கக்கூடும். அவர்கள் 'டிக்கெட்' என்பதை நாம் 'ரிக்கற்' என்போம். 'டயர்' என்பதை 'ரயர்' என்போம். 'டார்ச்' என்பதை 'ரோச்' என்போம். இதனைக் கண்டு நகைப்போர் உண்டு. நகைப்பதற்கு ஒன்றுமில்லை, இதிற் செவிநுட்பமே இருக்கின்றது. தமிழ் டகரம் நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடப் பிறப்பது. ஆங்கில ஒலியோ நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள முரசிலே படப் பிறப்பது. அந்த இடத்திற் பிறக்கும் வல்லொலி ஒன்று யாழ்ப்பாணத்தார் வாயில் இன்றும் உண்டு. 'காற்று', 'வெற்றி' என்னும் சொற்களில் இரட்டித்து வரும் றகரமே அது. ஆகவே நம் முன்னோர் ஆங்கில ஒலிக்குத் தம்மிடமுள்ள எழுத்துக்களில் அணித்தானதைத் தெரிந்தெடுத்தனர். சொல்லின் முதலில் றகரம் வாராது என்பது மரபாதலின் அங்கே ரகரம் இட்டனர். எழுதப்பட்டதை மட்டும் வாசிக்கும் அயலார்க்கு 'ரயர்' விந்தையாகத் தோன்றுவது இதனாலேயே. வாயாற் சொல்லும்போது நாம் பெரும்பாலும் ரகரமாகச் சொல்வதில்லை.

இந்த ஒலி ஆங்கில நாடுகளிலேயே படும் பாடு பெரிது. அமெரிக்கர் இரண்டு உயிர்களுக்கு இடையில் அதனை ஒரேயொரு தட்டாகத் தட்டி விட்டுவிடுவர். அவர்கள் நீரைக் குறிக்கும் சொல்லைச் சொல்லும்போது நம் காதில் 'வாரர்' என்றே விழும். எழுதுவோனைக் குறிக்கும் 'ரைற்றர்' என்பதும், குதிரையேறுவோனைக் குறிக்கும் 'ரைடர்' என்பதும் அமெரிக்கர் பலரது வாயில் வேறுபாடு அருகி ஒன்றாய்விடுகின்றன. இதுவும் நமக்குப் புதிதன்று. 'பட்டு' என்பதில் வலிந்து நிற்கும் டகரம் 'படு' என்பதில் மெலிகின்றது. 'அக்கம்' என்பதிலுள்ள ககரமும் 'அகம்' என்பதிலுள்ள ககரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை. உயிர்களின் நடுவே தனித்து அகப்பட்ட வல்லெழுத்து வலியிழக்கும் என்பது நம் நாவுக்குப் பிறப்போடு வந்த பழக்கம்.

லண்டன் நகரத்துச் சாதாரண மக்கள் வேறொரு வழி கண்டனர். 'பற்றர்' என்று நாம் சொல்லும் வெண்ணெயை அவர்கள் 'ப' என்று தொடங்கி, தொண்டையை ஒரு கணம் அடைத்து, 'அ' என்று முடித்துவிடுவர். நாவுக்கு அங்கே வேலையே இல்லை. இத்தொண்டையடைப்பை ஒருகாலத்தில் ஆசிரியர்கள் நோயைப்போல் வெறுத்தனர். ஆனால் உயர்ந்தோர் எனப்படுவோரும் 'ஃபுற்போல்' என்று சொல்லும்போது, பகரத்துக்கு முன்னால் அதே அடைப்பைத்தான் பெரும்பாலும் செய்கின்றனர். மெய்க்கு முன் வந்தாற் கண்ணியம், உயிர்க்கு முன் வந்தாற் கீழ்மை என்று எவரோ எல்லை கீறியிருக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. 'எழுத்தை விழுங்குதல்' என்று ஆங்கிலேயர் குறைசொல்லும் இன்னொன்று 'ஹண்ற்றிங்' என்பதை 'ஹண்ற்றின்' என்பது. 'ஜீ' என்னும் எழுத்தை விட்டுவிட்டார்கள் என்பர். உண்மையில் விடப்பட்டது எதுவுமில்லை. அச்சொல்லின் ஈற்றில் ஒலிப்பது தனி ஙகரம். அதன்பின் ககரம் கிடையாது. ஙகரம் னகரமாக மாறிற்று என்பதே சரி. தனி ஙகரத்துக்கு எழுத்தில்லாத மொழியாதலின் அவர்களுக்கு இது புலப்படுவதில்லை. நமக்கோ 'அங்ஙனம்' வேறு, 'அங்கம்' வேறு. பாடுவோனைக் குறிக்கும் 'சிங்ஙர்' அங்ஙனம் போன்றது. விரலைக் குறிக்கும் 'ஃபிங்கர்' அங்கம் போன்றது. இந்த ஓர் உவமையால், பல ஆண்டுகளாக மாணவர்க்கு விளங்காத வேற்றுமையை ஐந்து நிமிடத்தில் விளக்கியிருக்கின்றேன். ஆனால் மான்செஸ்ரரிலும் பேர்மிங்ஹாமிலும் பிறந்தவர்கள் இரண்டையுமே அங்கம் போலத்தான் சொல்வர். இதையும் மாணவர்க்குச் சொல்லிவிடுதல் நேர்மை. இன்னும் ஒரு வேடிக்கை: 'ஹண்ற்றின்', 'ஷூற்றின்' என்று பேசியவர்களில் ஒரு சாரார் உழைப்பாளிகள், மறுசாரார் பெருநிலப் பிரபுக்கள். இருவருக்கும் நடுவே நின்ற வகுப்பார்தாம் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி ஙகரத்தைக் காத்தனர்.

இனி ரகரத்துக்கு வருவோம். தென் இங்கிலாந்தில் 'கார்' என்னும் சொல்லின் ஈற்றில் ரகரம் ஒலிப்பதில்லை. 'கா' என நீண்டு முடியும். ஜோன் வோக்கர் 1791 இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியிலேயே லண்டனில் இந்த ரகரம் தேய்ந்து மறைவதைக் குறித்திருக்கின்றார். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மறைந்த ரகரம் மீண்டு வரும்: 'கார் இஸ்' என்று தெளிவாகவே கேட்கும். இதுவரை குழப்பமில்லை. ஆனால் பழக்கம் அத்துடன் நிற்கவில்லை. 'லோ அன்ட் ஓடர்' என்னும் தொடரில் முதற்சொல்லுக்கு ரகரம் என்றுமே இருந்ததில்லை. ஆயினும் ஆங்கிலேயர் அங்கும் ஒரு ரகரத்தைப் புகுத்தி 'லோர் அன்ட் ஓடர்' என்பர். 'ஐடியா ஒஃப்' என்பதும் 'ஐடியார் ஒஃப்' ஆகும். இதனைக் கண்டித்து எழுதப்பட்ட கடிதங்களுக்குக் கணக்கில்லை. தமிழ் படித்தவருக்கோ இது உடம்படுமெய். உயிரீற்றின் முன் உயிர் வந்தால் இரண்டையும் உடம்படுத்த ஒரு மெய் வேண்டும். 'மணி' என்பதன்முன் 'அடித்தது' வந்தால் யகரம் தோன்றி மணியடித்தது. 'பூ' என்பதன்முன் 'அழகு' வந்தால் வகரம் தோன்றிப் பூவழகு. ஆங்கிலமும் 'சீ இற்' என்பதில் யகரத்தையும் 'கோ அவே' என்பதில் வகரத்தையும் அவ்வாறே மெல்ல ஒலிக்கின்றது. அவ்விரண்டும் பொருந்தாத உயிர்களுக்கு ரகரத்தை வைத்துக்கொண்டது. நமக்கு இரண்டு உடம்படுமெய், அவர்களுக்கு மூன்று.

அமெரிக்காவிற் பெரும்பகுதியார் 'கார்' என்பதன் ரகரத்தை நன்கு ஒலிப்பர். ஆனால் நியூயோர்க் நகரம் நெடுங்காலம் லண்டனைப் பின்பற்றி அதனை விட்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலை தலைகீழாயிற்று; ரகரத்தை ஒலிப்பதே உயர்ந்தோர் வழக்கென்னும் எண்ணம் பரவியது. வில்லியம் லபோவ் என்னும் மொழியியல் மாணவர் 1962 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இதனைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் விருப்பமானது. செல்வர் செல்லும் சாக்ஸ், நடுத்தரத்தார் செல்லும் மேசிஸ், வறியோர் செல்லும் கிளைன் என்னும் மூன்று பெருங்கடைகளுக்குச் சென்றார். நான்காம் மாடியில் விற்கப்படும் பொருள் எது என்று முன்னரே அறிந்துகொண்டு, அப்பொருள் எங்கே கிடைக்கும் என்று பணியாளர்களை வினவினார். 'ஃபோர்த் ஃபுளோர்' என்பதே விடை; இரண்டு சொல், இரண்டு ரகரம். காது கேளாதவர்போல் மீண்டும் கேட்டார்; பணியாளர் இம்முறை அழுத்தித் திருத்தமாகச் சொன்னார். லபோவ் அப்பாற் சென்று மறைவில் நின்று குறிப்பெழுதிக்கொண்டார். இவ்வாறு 264 பேர். சாக்ஸ் பணியாளர்களுள் நூற்றுக்கு 62 பேரும், மேசிஸில் 51 பேரும், கிளைனில் ஏறத்தாழ 20 பேரும் ரகரத்தை முற்றாகவோ ஓரளவோ ஒலித்தனர். அப்பணியாளர்களின் சம்பளத்தில் அவ்வளவு வேற்றுமை இல்லை. தாம் நாள்தோறும் முகங்கொடுக்கும் வாடிக்கையாளரின் நாவையே அவர்கள் இரவல் வாங்கியிருந்தனர்.

லண்டனில் ரகரத்தை விடுவோன் கனவான். அதே காலத்தில் நியூயோர்க்கில் ரகரத்தை விடுவோன் ஏழை. ரகரம் ஒன்றுதான். என் மாணவர்க்கு இதனைச் சொன்னபோது, பின்வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை, "அப்படியானால் எது சரி, சேர்?" என்று கேட்டாள். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. பரீட்சைக்கு எது சரியென்று கேட்கின்றாள் என்பது எனக்குத் தெரியும்.

ஹகரத்தின் கதை இதனினும் கொடியது. இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் பலர் சொல்லின் முதலிலுள்ள ஹகரத்தை ஒலிப்பதில்லை. 'ஹவுஸ்' அவர்களுக்கு 'அவுஸ்'. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது கல்லாமையின் அடையாளமாகக் கருதப்படலாயிற்று. பேர்னாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகம் 1914 இல் லண்டனில் மேடையேறியபோது மக்கள் திரண்டு சென்றமைக்கு, பூ விற்கும் பெண் ஒருத்தியை உச்சரிப்பால் மட்டுமே சீமாட்டியாகக் காட்டிவிடலாம் என்னும் அதன் கதை ஒரு காரணம். ஆயின் அந்தச் சீமான்கள்தாமும் 'அவர்', 'ஒனஸ்ற்', 'ஒனர்' என்னும் சொற்களில் எழுத்திலுள்ள ஹகரத்தை ஒலிப்பதில்லை. அவை பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள். மூலிகையைக் குறிக்கும் சொல்லில் அமெரிக்கர் ஹகரத்தை விடுகின்றனர், ஆங்கிலேயர் ஒலிக்கின்றனர். அந்த எழுத்தின் பெயரே 'எய்ச்' என்றும் 'ஹெய்ச்' என்றும் இருவகைப்படும். வட அயர்லாந்தில் புரட்டஸ்தாந்தர் முன்னதையும் கத்தோலிக்கர் பின்னதையும் பெரும்பாலும் வழங்குவர். கலகம் மிகுந்திருந்த ஆண்டுகளில் அங்கே அகரவரிசை சொல்வதும் ஒருவன் யாரென்று காட்டிக்கொடுக்கும் செயலாயிற்று.

விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு செய்தி உண்டு. யோர்தான் ஆற்றுத் துறைகளைக் கைப்பற்றி நின்ற கிலேயாத்தியர், கடக்க வந்தவர்களை 'ஷிபோலெத்' என்று சொல்லச் செய்தனர். எப்பிராயீமியர்க்கு 'ஷ' ஒலி வாராது, 'சிபோலெத்' என்றனர். அவ்வாறு சொன்னவர் வெட்டப்பட்டனர். அப்போரில் 42,000 பேர் மாண்டனர் என்கின்றது அந்நூல். நம் நாட்டிலும் வாளி ஒன்றின் பெயரைச் சொல்லச் சொல்லி நாவைச் சோதித்த நாட்கள் இருந்தன. கேட்டுக்கொண்டிருப்போரில் முதியோர் அறிவர். அதனை இங்கு விரிக்கேன்.

சிங்கள மக்கள் பேச்சுவழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பெயர் உண்டு. வாள் என்பது பொருள். ஆங்கிலம் அறிந்தவன் அறியாதவனை வெட்டி வீழ்த்தும் கருவி என்னும் கசப்பிற் பிறந்த பெயர் அது. நேர்முகப் பரீட்சைகளில் அவ்வாள் வீசப்படுவதை நான் கண்டிருக்கின்றேன். கேள்விக்கு நல்ல விடை சொன்ன இளைஞன் ஒருவன், எழுத்தை எண்ணி உச்சரித்தான் என்பதற்காக இருவர் ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகைத்தனர். அவர்கள் புன்னகைத்த சொல் 'வெட்நெஸ்டே'. அங்கே டகரம் ஒலிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுத்தைப் பார்த்துச் சொல்லும் இந்த வழக்கம் ஆங்கிலேயரிடத்திலும் நிறைந்திருக்கின்றது. நெற்றியைக் குறிக்கும் 'ஃபோர்ஹெட்' முன்னர் 'ஃபொறிட்' என்றே ஒலித்தது. பள்ளிக்கூடங்கள் பெருகி, மக்கள் கேட்பதற்கு முன் வாசிக்கத் தொடங்கியபின், இறந்துபோன ஹகரம் உயிர்த்தெழுந்தது. அடிக்கடி என்று பொருள்படும் 'ஒஃபன்' என்னும் சொல்லின் நடுவேயுள்ள 'ரி' பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நாவிலிருந்து நீங்கியது. இன்றோ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் அதனை 'ஒஃப்ற்றன்' என்கின்றனர். அகராதிகள் இரண்டையும் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் அதே வடிவினதாகிய 'சொஃபன்' என்னும் சொல்லில் எவரும் அதனை ஒலிப்பதில்லை. இதற்கு நியாயம் கேட்டாற் கிடையாது. கடனைக் குறிக்கும் 'டெற்' என்பதிலுள்ள பகரமோ ஒருபோதும் ஒலித்ததன்று. லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் புலவர்கள் செருகிய அணிகலம் அது. நம் பிள்ளைகள் அதனை எழுத மறந்து புள்ளி இழக்கின்றனர்.

ஒலிபரப்பு நிலையங்களும் இதில் இடர்ப்பட்டவையே. பி.பி.சி. நிறுவனம் 1926 இல் அறிவிப்பாளர்கள் சொற்களை எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழுவை அமைத்தது. அரசவைப் புலவர் றொபேட் பிரிட்ஜஸ் தலைவர். பேர்னாட் ஷோவும், ஒலியியல் அறிஞர் டானியல் ஜோன்ஸும் அதில் இருந்தனர். அறிஞர்கள் கூடினர், விவாதித்தனர், ஒரு சொல்லுக்கு விதித்ததைப் பின்னர் மாற்றியும் விதித்தனர். 1939 இற் போர் வந்தபோது அக்குழுவின் பணி நின்றது.

எப்படிச் சொன்னாலும் சரி என்பது என் கட்சியன்று. கேட்பவருக்குப் பொருள் மாறுமாயின் திருத்தத்தான் வேண்டும். ஆங்கிலேயர் சொல்லின் முதலிலுள்ள பகரத்தை மூச்சோடு வெளியிடுவர். நாம் மூச்சின்றிச் சொல்வோம். ஆகவே நாம் 'பின்' என்று ஊசியைக் கேட்டால் அவர்கள் காதிற் குப்பைத்தொட்டி விழும். 'வெஸ்ற்' என்னும் சொல்லில் உதட்டைக் குவித்தால் மேற்குத் திசை, பல்லை உதட்டிற் பதித்தால் உள்ளாடை. நமக்கு இரண்டுக்கும் ஒரே வகரம். இவற்றைப் பொறுமையோடு பயிற்றவேண்டும். ஆனால் வாழைப்பழத்தின் ழகரத்தை ளகரமாகச் சொல்லிக்கொண்டு, அதனால் எவ்வித இடரும் இன்றி வாழும் யாழ்ப்பாணத்தவனாகிய நான், மற்றவர் நாவைக் குறித்து அளவுக்கு மிஞ்சிச் சினங்கொள்வது தகாது.

சென்ற ஆண்டு தை மாதம், மகளை ஆறாம் தரத்திற் சேர்ப்பதற்காக ஒரு தந்தை என் அலுவலகத்துக்கு வந்தார். மின்சாதனங்கள் திருத்தும் கடை வைத்திருப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தார். கையொப்பமிட்டபின் எழாமல் இருந்தார்.

"என்னைத் தெரிகின்றதா, சேர்?" என்று கேட்டார்.

தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அவரிடம் சொல்லவேண்டுமென்று வைத்திருந்ததைச் சொன்னேன். அகராதியையும் அம்புக்குறியையும் பற்றிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"அந்தச் சொல் எனக்கு நினைவில்லை, சேர். நின்றது நினைவிருக்கிறது," என்றார். பின்னர், தாம் அக்காலத்திற் சைக்கிளைச் சுழற்றி இரவில் ஆங்கில ஒலிபரப்புக் கேட்டதைப் பற்றியும், அந்த டைனமோவைத் திருத்தித் திருத்தியே இத்தொழிலைக் கற்றுக்கொண்டதைப் பற்றியும் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆங்கிலம் கேட்டால் இப்பொழுதும் விளங்கும் என்றார். பேசுவதில்லை என்றார்.

அதன்பின் எங்கள் பாடசாலையில் வாசிப்புப் பாடத்துக்கு ஒரு சிறு மாற்றம் செய்திருக்கின்றோம். ஒரு பிள்ளை வாசிக்கும்போது இடையில் எவரும் திருத்துவதில்லை. வாசித்து முடிந்தபின், கேட்டிருந்த பிள்ளைகள் தாம் விளங்கிக்கொண்டதைச் சொல்வர். விளங்காத சொல் ஏதேனும் இருந்தால் அதனை மட்டும் ஆசிரியை எடுத்துப் பயிற்றுவார். பாடம் சற்று மெதுவாகத்தான் நகர்கின்றது. பாடத்திட்டம் முடியவில்லை என்று ஆசிரியை என்னிடம் முறையிடுவதும் உண்டு.

சென்ற தவணை ஒருநாள் அவ்வகுப்பின் பின்னால் அமர்ந்திருந்தேன். அம்மனிதரின் மகள் வாசித்தாள். 'ஒஃப்ற்றன்' என்று அந்த 'ரி' யை நன்றாக அழுத்தியே வாசித்தாள். ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.